வீட்டுத் தொழிலாளர்களையும் சிறு பட்டறைகளையும் பொதுச் சுகாதார நோக்கில் கண்காணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டிலிருந்தபடியே கூலிக்கு வேலை செய்பவர்களையும், ஐந்து பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைகளையும் முதன்முறையாகப் பார்வையிடச் செல்லும் சுகாதார ஆய்வாளர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் தொழிற்சங்க ஊழியர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பெரிய தொழிற்சாலைகளுக்கென்று அச்சடித்த ஆய்வுப் படிவத்தை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்கிற காரியம். முதல் நாள் கதவு திறக்கும், படிவமும் நிரம்பும். அடுத்த முறை போகும்போது அந்த வேலை அங்கே இருக்காது, வேறொரு தெருவில் இதைவிட மோசமான ஓர் அறைக்குள் போயிருக்கும்.

ஆகவே இந்த வேலையில் என்ன செய்கிறோம் என்பதைப் போலவே எதை முதலில் செய்கிறோம் என்பதும் முக்கியம். அதிகாரம், வேலை கொடுப்பவர், பொருள், இடம், உடல்நிலை, தீர்வு, பொறுப்பு என்ற வரிசை மாறினால், உழைப்பவரின் வருமானம் போகுமே தவிர நோய் போகாது.

1. உங்கள் அதிகாரம் எதுவரை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

பட்டறையும் வீடும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1947ஆம் ஆண்டின் 81ஆம் உடன்படிக்கை, ஆய்வுக்கு உட்பட்ட பணியிடத்துக்குள் முன்னறிவிப்பு இல்லாமல் நுழையும் உரிமையைத் தொழிலாளர் ஆய்வாளருக்குத் தருகிறது. வீட்டு வேலைக்கென்று 1996இல் வந்த 177ஆம் உடன்படிக்கையோடு சேர்ந்த 184ஆம் பரிந்துரையோ, வேலை நடக்கும் பகுதிக்குள் மட்டும், அதுவும் தனிவாழ்வுரிமை பற்றிய அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கும் நடைமுறைக்கும் உட்பட்டு, ஆய்வாளரை அனுமதிக்கச் சொல்கிறது.

உங்கள் நாட்டுச் சட்டம் இவற்றில் எதை ஏற்றிருக்கிறது, உங்கள் பதவிக்கு நுழையும் உரிமை உண்டா, அல்லது வீட்டாரின் சம்மதம் ஒன்றுதான் வழியா என்பதை ஒரு தாளில் எழுதி மேலதிகாரியிடம் கையொப்பம் வாங்குங்கள். பெரும்பாலான களப்பணியாளர்களுக்குச் சம்மதம் மட்டுமே வழி. அதில் குறைவொன்றும் இல்லை. சம்மதத்தோடு பார்த்த வீட்டில் தெரியவரும் விவரம் அதிகாரத்தோடு பார்த்த வீட்டில் தெரியவருவதே இல்லை.

அதே தாளில் இன்னொன்றையும் எழுத வேண்டும்: நீங்கள் சேகரிக்கும் விவரம் யாருக்குப் போகாது என்பது. வரி, கட்டட அனுமதி, மின் இணைப்பு வகை, குடியிருப்பு உரிமை ஆகியவற்றைக் கவனிக்கும் அலுவலகங்களோடு இந்தப் பதிவேட்டைப் பகிர்வதில்லை என்று நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள். வாடகை வீட்டில் தையல் எந்திரம் ஓடுகிறது என்ற செய்தி வீட்டு உரிமையாளரின் காதுக்கு எட்டினாலே போதும், ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும்.

புகாரின் பேரில் செல்லும்போது, புகார் வந்திருக்கிறது என்பதையே காட்டிக்கொள்ளக்கூடாது. புகார் கொடுத்தவர் யார் என்பதையும், புகாரால்தான் ஆய்வு நடக்கிறது என்பதையும் மறைவாக வைக்க வேண்டும் என்று 81ஆம் உடன்படிக்கையே சொல்கிறது. நாலு பேர் வேலை செய்யும் பட்டறையில் "ஒருவர் சொன்னார்" என்றாலே அந்த ஒருவர் யார் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒரு புகாருக்காகப் போகும் நாளில் அதே தெருவில் இன்னும் மூன்று நான்கு இடங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

2. பட்டியலை வேலை கொடுப்பவரிடமிருந்து தொடங்குங்கள்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019இல் உலகெங்கும் சுமார் 26 கோடிப் பேர் வீட்டை அடிப்படையாகக் கொண்டு வேலை செய்தார்கள், அவர்களில் 14.7 கோடிப் பேர் பெண்கள். வீடு வீடாகப் போய் இவர்களைக் கண்டுபிடிப்பது எந்த உள்ளாட்சி அமைப்பாலும் ஆகாது. அதைவிட, ஒரே வேலை கொடுப்பவரின் கணக்குப் புத்தகத்தில் நூறு வீடுகள் இருக்கும் என்பதால், அங்கிருந்து கீழே இறங்குவதுதான் சுலபம்.

184ஆம் பரிந்துரை இதற்கு வழி சொல்கிறது. முதன்முறையாக வீட்டுக்கு வேலை கொடுக்கும்போது வேலை கொடுப்பவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். தன்னிடம் வேலை வாங்கும் எல்லா வீட்டுத் தொழிலாளர்களின் பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் கொடுத்த வேலை, அதற்கான நேரம், கூலி வீதம், பிடித்தம், கொடுத்த தொகை ஆகியவற்றைக் குறித்து அதன் படியை அவரிடமே தர வேண்டும். உங்கள் நாட்டில் இது சட்டமாக இல்லாவிட்டாலும், சரக்கு கொடுத்து வாங்கும் குறிப்புப் புத்தகம் ஒன்று எல்லா இடைத்தரகரிடமும் இருக்கத்தான் செய்யும். அதில் பெயர், தெரு, பொருள், எண்ணிக்கை நான்கும் இருந்தால் உங்களுக்குப் போதும்.

"நான் வேலை கொடுக்கவில்லை, அவர்களே செய்து கொண்டுவருவதை விலைக்கு வாங்குகிறேன்" என்ற பதிலை எதிர்பார்த்தே செல்லுங்கள். 177ஆம் உடன்படிக்கையின் வரையறையில், மூலப்பொருளும் கருவியும் யாருடையவை என்பது கணக்கில் வராது; கேட்பவர் சொன்ன அளவுப்படி பொருளைக் கூலிக்குச் செய்து தருகிறாரா என்பதுதான் கணக்கு. மாதிரி யார் கொடுத்தது, தரம் சரியில்லை என்று திருப்பி அனுப்புபவர் யார், விலையை முடிவு செய்பவர் யார் என்ற மூன்று கேள்விகளில் விடை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

பட்டியலைச் சரிபார்க்க வேறு இரண்டு இடங்கள் உண்டு. பசை, தின்னர், சாயம், அமிலம் ஆகியவற்றைச் சில்லறையாக விற்பவருக்கு எந்தத் தெருவில் எத்தனை டின் போகிறது என்பது மனப்பாடம். ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வெளிநோயாளர் பதிவேட்டில் ஒரே தெருவிலிருந்து திரும்பத் திரும்ப வரும் இருமல், தீப்புண், விரல் மரத்துப்போதல் ஆகியவையும் வழி காட்டும். பதிவேட்டில் தொழில் என்ற கட்டத்தில் "இல்லத்தரசி" என்று எழுதியிருப்பதைக் கண்டு அந்தப் பெயரைத் தாண்டிப் போகாதீர்கள்; வீட்டுத் தொழிலாளர்களில் பலர் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள்.

3. பொருளை அறிந்த பிறகே வாசலுக்குச் செல்லுங்கள்

எந்தப் பொருளோடு வேலை நடக்கிறது என்று தெரியாமல் சென்றால், கண்ணில் படும் அழுக்கை எழுதிக்கொண்டு, கண்ணில் படாத நஞ்சை விட்டுவிட்டு வருவீர்கள். ஒழுங்கற்றுக் கிடக்கும் துணிக்குவியல் உங்கள் கவனத்தை இழுக்கும்; துடைத்துவைத்த மேசையின் கீழ் இருக்கும் பசை டின் இழுக்காது.

வேலை கொடுப்பவரிடம் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேளுங்கள். வேதிப்பொருள்களின் ஆபத்துகளுக்கான, உலகளவில் ஒத்திசைந்த வகைப்பாட்டு முறையில் அது 16 பகுதிகளைக் கொண்டது. களத்துக்குப் போகுமுன் இரண்டாம் பகுதி (ஆபத்துகள்), மூன்றாம் பகுதி (கலவையில் உள்ளவை), நான்காம் பகுதி (முதலுதவி), எட்டாம் பகுதி (பாதுகாப்பு முறைகள்) ஆகிய நான்கையும் படித்தால் போதும். வீட்டுக்குப் போகும் சரக்கு பெரும்பாலும் பெரிய டின்னிலிருந்து பெயர்ச்சீட்டு இல்லாத சிறு புட்டிகளுக்கு மாற்றப்பட்டிருக்கும் என்பதால், தாளை வேலை கொடுப்பவரிடம் வாங்காவிட்டால் வேறெங்கும் கிடைக்காது.

எல்லா வீட்டையும் ஒரே மாதத்தில் பார்க்க முடியாது. ஆகவே கீழ்க்கண்ட பொருள்கள் இருக்கும் வீடுகளை முதலில் வையுங்கள்.

ஈயம்: பழைய மின்கலங்களைப் பிரித்தல், பற்றவைத்தல், மண்பாண்டத்துக்கு மெருகு பூசுதல். குழந்தை இருக்கும் வீடு என்றால் இதுதான் பட்டியலின் தலையில் இருக்க வேண்டும். இரத்தத்தில் ஈயம் இந்த அளவுவரை தீங்கற்றது என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் அறியப்படவில்லை.

படிக சிலிக்கா (கல்லிலும் மணலிலும் உள்ள பொருள்): கல் வெட்டுதல், மெருகேற்றுதல், மணல் வீசித் தேய்த்தல். நீலத் துணிக் காற்சட்டைகளை வெளிறச் செய்ய மணலை வீசிய சிறு பட்டறைகளில் இளைஞர்கள் நுரையீரல் நோயால் இறந்ததை அடுத்து, துருக்கி 2009இல் அந்த முறையையே தடை செய்தது.

கரைப்பான்கள்: செருப்பு, பை, தோல்பொருள் ஒட்டும் பசைகள், அச்சு மை, தின்னர்.

பாதரசம்: பொன்னைப் பிரிக்க, பொன்னும் பாதரசமும் சேர்ந்த ரசக்கலவையை எரித்தல். குடியிருப்புப் பகுதியில் இதை எரிப்பது, பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை ஒழிக்கச் சொல்லும் செயல்களில் ஒன்று.

பஞ்சுத் தூசி, மரத்தூள், புகையிலைத் தூள், வெல்டிங் புகை ஆகியவை அடுத்த சுற்றில் வரலாம். தையல், பூவேலை, பொட்டலம் கட்டுதல் போன்றவற்றில் நஞ்சு குறைவு; ஆனால் முதுகும் கண்ணும் கெடும் என்பதால் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கிவிடக்கூடாது.

4. கையில் கொண்டுபோக வேண்டியவை

ஒளி குவியும் டார்ச், மெல்லிய டிஷ்யூ தாளின் துண்டுகள், அளவு நாடா, குறிப்பேடு, பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கான வெள்ளைத் தாள், அழியாத மை பேனா, மருத்துவரிடம் அனுப்புவதற்கான பரிந்துரைக் கடிதப் படிவம். இவ்வளவு போதும். கைபேசியில் உள்ள ஒலி, ஒளி அளவுச் செயலிகள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆனால் அந்த எண் துல்லியமானதல்ல; குறைகளைத் திருத்தச் சொல்லி நீங்கள் எழுதும் அறிவிப்பில் அதை எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை சுலபமாகிவிடும்.

5. வாசலில் சொல்ல வேண்டியவை

நேரத்தை அவர்களே சொல்லட்டும். ஆனால் வேலை நடக்கும் நேரமாக அது இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்துங்கள். சரக்கு எடுக்க ஆள் வரும் நாளில் போகாதீர்கள். அன்று துண்டுக் கணக்கை (ஒரு துண்டுக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கை) முடிக்கும் அவசரத்தில் யாரும் உங்களிடம் பேசமாட்டார்கள், பேசினாலும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள்.

பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெண் பணியாளர் இல்லாமல் செல்லக்கூடாது. வாசலிலேயே நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் யார், எதைப் பார்க்க வந்தீர்கள், எந்த அறையைப் பார்க்கமாட்டீர்கள், இந்த விவரம் யாருக்குப் போகாது. "உங்க வேலையை நிறுத்துறதுக்கு வரலைம்மா. அந்தப் பசையோட வாசனை வீட்டுக்குள்ள எப்படிப் பரவுதுன்னு பார்த்துட்டுப் போறோம். சமையல்கட்டுக்கும் படுக்கிற அறைக்கும் நாங்க வரமாட்டோம்" என்ற அளவில் சொன்னால் போதும். படுக்கும் அறையிலேயே வேலை நடக்குமானால் அவர்களே அழைத்துச் செல்வார்கள்.

படம் எடுப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். முகமும் வாசல் எண்ணும் விழாதபடி, பொருளையும் கருவியையும் மட்டும், கேட்டுக்கொண்ட பிறகு எடுக்க வேண்டும். குழந்தை வேலை செய்வதைக் கண்டால் அங்கேயே படம் எடுப்பதும் வாக்குவாதம் செய்வதும் கூடாது. பள்ளிக்குப் போகிறதா, எந்த நேரத்தில் எந்தப் பொருளைத் தொடுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, குழந்தைகள் நலத்துக்குப் பொறுப்பான அதிகாரிக்கு உரிய வழியில் தெரிவியுங்கள். ஆனால் நஞ்சு கலந்த வேலையில் கை இருந்தால் அதை அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லியாக வேண்டும்.

6. இடத்தைப் பார்க்கும் வரிசை

உள்ளே போனதும் கேள்வி கேட்கத் தொடங்காதீர்கள். கால்மணி நேரம் வேலை நடப்பதைப் பாருங்கள். கேள்வி கேட்டால் வேலை நிற்கும். வேலை நின்றால் பார்க்க வந்ததே நின்றுவிடும். டின்னை எந்தக் கையால் திறக்கிறார், மூடுகிறாரா அல்லது திறந்தபடியே வைக்கிறாரா, விரலால் பூசுகிறாரா, நூலை வாயில் வைத்து ஈரப்படுத்துகிறாரா என்பவை எந்தப் படிவத்திலும் வராத விவரங்கள்.

பிறகு, சரக்கு வாசலில் நுழைவதிலிருந்து முடிந்த பொருள் வெளியே போகும்வரை அதன் பின்னாலேயே செல்லுங்கள். எங்கே இறக்குகிறார்கள், எங்கே சேமிக்கிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள், எங்கே ஒட்டுகிறார்கள், எங்கே காயவைக்கிறார்கள், கழிவு எங்கே போகிறது. காயவைக்கும் இடத்தைப் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். ஒட்டும்போது பறக்கும் ஆவியைவிட, ஒட்டி முடித்து வரிசையாக அடுக்கிய நூறு செருப்புகளிலிருந்து இரவு முழுக்கப் பறக்கும் ஆவி அதிகமாக இருக்கலாம். அந்த அடுக்கு பல வீடுகளில் கட்டிலின் கீழ்தான் இருக்கும்.

கரைப்பான்களின் ஆவி பெரும்பாலும் காற்றைவிடக் கனமானது. அது தரையை ஒட்டித் தேங்கும். நீங்கள் நின்றபடி முகர்ந்து "வாசனை ஒன்றும் பெரிதாக இல்லை" என்று எழுதும் அறையில், தரையில் உட்கார்ந்து வேலை செய்பவரும் பாயில் தூங்கும் குழந்தையும் வேறு காற்றைச் சுவாசிக்கிறார்கள். வேலை செய்பவரின் முகம் இருக்கும் உயரத்துக்கு உட்கார்ந்து பாருங்கள். மூக்கையும் முழுக்க நம்பாதீர்கள். சில நிமிடங்களில் அது பழகிவிடும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கோ மணமே கிடையாது, ஆகவே எரிபொருளில் ஓடும் ஜெனரேட்டரோ கரி அடுப்போ மூடிய அறைக்குள் இருந்தால் மற்றதெல்லாம் பிறகு, அதை வெளியே கொண்டுபோவதுதான் முதல் வேலை.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க டிஷ்யூ தாளின் மெல்லிய துண்டை வேலை செய்பவரின் முகத்துக்கு முன் பிடியுங்கள். சன்னலிலிருந்து வரும் காற்று முதலில் அவரைத் தொட்டு, பிறகு பொருளைத் தொட்டு, வெளியேற வேண்டும். தாள் அவர் முகத்தை நோக்கிச் சாய்ந்தால், ஆவி அத்தனையும் அவரைக் கடந்துதான் போகிறது. இதற்கு ஊதுபத்தியைக் கொளுத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கரைப்பான் இருக்கும் அறையில் நெருப்புப் பொறியோடு நுழைவது எப்படி முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தூசியைப் பார்க்க அறையை இருட்டாக்கி, வேலை நடக்கும் இடத்தின் மறுபுறத்தில் டார்ச்சை வைத்து, அதன் முகப்பு நேராகக் கண்ணில் அடிக்காதபடி ஓர் அட்டையால் மறைத்து, ஒளி வரும் திசையை நோக்கிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த காற்றில், கருவியின் முனையிலிருந்து புகைபோல் எழுந்து முகத்தைச் சுற்றிக்கொண்டு மேலேறும் தூசி அப்போது தெரியும். அதை வேலை செய்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்த விளக்கவுரையும் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது.

குடிநீர் எங்கே இருக்கிறது, தின்னர் எந்தப் புட்டியில் இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே பாருங்கள். குடிநீர்ப் புட்டியில் தின்னரோ அமிலமோ ஊற்றி வைத்திருந்தால், அதே இடத்தில் வேறு கலத்துக்கு மாற்றி, பெயரும் ஆபத்துக் குறியும் எழுதி ஒட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

தீ விபத்து நேர்ந்தால் வெளியேறும் வழியை நடந்து பாருங்கள், கண்ணால் அளக்காதீர்கள். சரக்கு மூட்டை வந்த நாளில் அந்த வழி எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பட்டறையில் வேலை நேரத்தில் வெளிக்கதவைப் பூட்டும் வழக்கம் இருந்தால், அதை அன்றே நிறுத்துவதற்கு உங்களுக்குள்ள எல்லா அதிகாரத்தையும் பயன்படுத்துங்கள். இதில் சலுகை காட்டக்கூடாது.

இரைச்சலுக்குக் கருவி தேவையில்லை. ஒரு கை தூரத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால் அது செவிக்குக் கேடு தரக்கூடிய 85 டெசிபலை எட்டியோ தாண்டியோ இருக்கலாம். பரவலாகப் பின்பற்றும் கணக்கில் அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகும்.

கழிப்பிடம், கைகழுவும் நீர், சோப்பு ஆகியவற்றைப் பட்டறைகளில் பாருங்கள். நீர் அருந்தினால் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும் என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். துண்டுக் கூலியில் எழுந்து போகும் நேரத்துக்குப் பணம் இல்லை.

7. உடல்நிலையைக் கேட்கும் முறை

"உங்களுக்கு ஏதாவது நோய் இருக்கிறதா" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். நோய் என்று ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும் என்ற அச்சம் ஒருபுறம், எல்லோருக்கும் இருக்கும் தொந்தரவை யாரும் நோயாக நினைப்பதில்லை என்பது மறுபுறம். அதனால் உறுப்பையும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுகுகிறதா? பஞ்சுத் தூசியின் நோய் அப்படித்தான் தொடங்கும். வார நடுவில் குறைவதால் சளிப்பிடிப்பு என்று விட்டுவிடுவார்கள். துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைத்த அன்று மாலை குளிர்காய்ச்சல் வந்து ஓரிரு நாளில் தானாகப் போகிறதா? அது உலோகப் புகைக் காய்ச்சல். பொத்தான் போடக் கை நடுங்குகிறதா, செருப்பு காலிலிருந்து நழுவுவது தெரியாமல் போகிறதா? நார்மல் ஹெக்சேன் என்ற கரைப்பான் கலந்த பசை நரம்பைத் தாக்கும்போது கால்விரலும் கைவிரலும்தான் முதலில் மரத்துப்போகும். பசையை நிறுத்திய பிறகும் இந்த நோய் சில மாதங்கள் கூடிக்கொண்டே போகக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், நிறுத்தியும் பயனில்லை என்று மீண்டும் அதே பசைக்குப் போய்விடுவார்கள்.

கல்தூசியில் வேலை செய்பவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும். காசநோய் இல்லை என்று முடிவு வந்தால் விட்டுவிடக்கூடாது. மார்பு எக்ஸ்ரேயும் நுரையீரல் திறன் பரிசோதனையும் அடுத்தபடி.

ஈயம் சந்தேகிக்கப்படும் வீட்டில் முதலில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இரத்தப் பரிசோதனை. விரல் நுனியில் எடுக்கும் இரத்தத்தில், தோலில் ஒட்டிய ஈயமும் கலந்து எண்ணை உயர்த்திக் காட்டலாம் என்பதால், கூடுதலாக வந்தால் கையின் இரத்தக் குழாயிலிருந்து (சிரையிலிருந்து) எடுத்து உறுதி செய்ய வேண்டும். உலகச் சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து, அதைக் குறைக்கவும் நிறுத்தவும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

நீங்கள் மருத்துவரல்ல என்றால் நோயின் பெயரை வீட்டில் சொல்லாதீர்கள். ஆனால் மருத்துவருக்குக் கொடுக்கும் கடிதத்தில் பொருளின் பெயர், எத்தனை ஆண்டுகள், நாளுக்கு எத்தனை மணி நேரம், அறையின் அளவு, காற்றோட்டம் ஆகியவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். "கை கால் மரத்துப்போகிறது" என்று மட்டும் எழுதிய கடிதத்துக்குச் சத்து மாத்திரைதான் கிடைக்கும். "ஆறு ஆண்டுகளாகக் கரைப்பான் பசை" என்று எழுதிய கடிதத்துக்கு நரம்புப் பரிசோதனை கிடைக்க வாய்ப்புண்டு.

8. அன்றே மாற்றக்கூடியவை, மாற்ற முடியாதவை

நீக்குதல், மாற்றுதல், தடுத்து வெளியேற்றுதல், வேலைமுறையைத் திருத்துதல், கவசம் அணிதல் என்பதுதான் பாதுகாப்பு முறைகளின் வரிசை. களத்தில் இது தலைகீழாக நடக்கிறது. முகக்கவசம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு திட்டம் முடிந்துவிடுகிறது. என்95 வகை முகக்கவசம் துகள்களைத் தடுக்கும். பசையின் ஆவியை அது தடுக்காது. ஆவிக்கு, அதை உறிஞ்சும் கரி நிரப்பிய குப்பி பொருத்திய கவசம் வேண்டும், அந்தக் குப்பியைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும், தாடி இருந்தால் முகத்தில் பொருந்தாது. இவ்வளவும் வீட்டில் நடக்காது என்பதால்தான் கவசம் வரிசையின் கடைசியில் இருக்கிறது.

அன்றே செய்யக்கூடியவை சில உண்டு. டின்னுக்கு மூடி, தூரிகை நுழையும் அளவுக்கு மட்டும் திறப்பு, வேலைப்பலகையைச் சன்னலை ஒட்டி நகர்த்துதல், காயவைக்கும் அடுக்கைத் திறந்த இடத்துக்கு மாற்றுதல், உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி, வேலை உடையைத் தனியாகத் துவைத்தல். ஈயம் கையாண்டவர் உண்ணுமுன் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். கிருமிநாசினித் திரவத்தைத் தேய்த்தால் ஈயம் கையிலேயே இருக்கும். உடையிலும் தரையிலும் படிந்த தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதித் தள்ளுவதை எந்தப் பட்டறையிலும் அனுமதிக்காதீர்கள்.

மின்விசிறி பற்றி ஓர் எச்சரிக்கை. அறை நடுவில் சுழலும் விசிறி ஆவியையும் தூசியையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுமே தவிர வெளியேற்றாது. எக்ஸாஸ்ட் விசிறி பொருளுக்கு அருகிலும் தாழ்வாகவும் இருக்க வேண்டும், வெளியேறும் காற்று பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள் போகக்கூடாது. தீப்பற்றும் ஆவி இருக்கும் இடத்தில் சாதாரண மோட்டாரின் பொறியே போதும் என்பதால், மோட்டாரை ஆவி கடந்து போகும் பாதையில் வைக்காமல் பொருத்தத் தெரிந்த மின்பணியாளரைக் கேளுங்கள்.

மாற்றுப்பொருள் விஷயத்தில் அவசரம் கூடாது. ஜப்பானில் வீடுகளில் செருப்பு ஒட்டியவர்களுக்குப் பென்சீன் கலந்த ரப்பர் பசையால் இரத்த உற்பத்தி குன்றும் நோய் வந்ததால் 1959இல் அந்தப் பசை தடை செய்யப்பட்டது. அதன் இடத்தில் வந்த நார்மல் ஹெக்சேன் பசை 1960களில் அதே தொழிலில் இருந்தவர்களின் நரம்புகளைக் கெடுத்தது. அந்த நாட்டில் வீட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் 1970இல்தான் வந்தது. ஒரு பொருளைத் தடுக்கும்போது, அதற்குப் பதில் வரப்போகும் பொருளின் தரவுத்தாளையும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

சில வேலைகளை எந்த ஏற்பாட்டாலும் வீட்டுக்குள் பாதுகாப்பாகச் செய்ய முடியாது: மின்கல ஈயத்தை உருக்குதல், ரசக்கலவையை எரித்தல், மணல் வீசித் தேய்த்தல். இத்தகைய வேலைகளையும் பொருள்களையும் வீட்டு வேலையில் தடை செய்ய 177ஆம் உடன்படிக்கை இடம் தருகிறது. ஆனால் தடைக்கும் மாற்று வேலைக்கும் இடையில் அந்தக் குடும்பம் எதைக் கொண்டு வாழும் என்று வேலை கொடுப்பவரிடமும் நிர்வாகத்திடமும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். அதைப் பேசாமல் போட்ட தடை, வேலையை இரவுக்கு மாற்றும். இரவில் சன்னலும் மூடியிருக்கும்.

9. அறிவிப்பை யார் பெயரில் எழுதுவது

வீட்டுத் தொழிலாளியின் பெயரில் அறிவிப்பு எழுதுவது பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்ற கதைதான். பொருளைத் தேர்ந்தெடுத்தவர் வேலை கொடுப்பவர்; தேதி குறித்தவர் அவர்; விலை வைத்தவரும் அவர். ஆபத்தைத் தெரிவிப்பது, தான் தரும் கருவிக்கு உரிய தடுப்பு அமைப்பும் பராமரிப்பும் இருக்கச் செய்வது, பாதுகாப்புச் சாதனத்தை இலவசமாகத் தருவது ஆகியவை அவர் கடமை என்று 184ஆம் பரிந்துரை சொல்கிறது. மின்சாரம், தண்ணீர், கருவிப் பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தொழிலாளி செய்யும் செலவையும் ஈடுசெய்யச் சொல்கிறது. ஆகவே விசிறிக்கான மின்கட்டணம் யார் தலையில் என்ற கேள்வி வரும்போது இதை எடுத்துக்காட்டுங்கள்.

வாக்கியத்தை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "காற்றோட்டத்தை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் எவரும் எதையும் செய்யமாட்டார்கள். "பசை ஒட்டும் பலகையிலிருந்து ஒரு முழத்துக்குள், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், வெளிச்சுவரில் எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றை வேலை கொடுப்பவர் தன் செலவில் இம்மாத இறுதிக்குள் பொருத்த வேண்டும், அதுவரை பசை வேலை திண்ணையில் மட்டும் நடக்க வேண்டும்" என்று எழுதினால், செய்தாரா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை. பொருள், இடம், ஆள், தேதி, இடைக்கால ஏற்பாடு ஆகிய ஐந்தும் எல்லா வரியிலும் இருக்க வேண்டும்.

இடைத்தரகர்கள் இரண்டு மூன்று அடுக்காக இருந்தால் மேல் அடுக்கில் உள்ளவருக்கும் படி அனுப்புங்கள். கடைசி இடைத்தரகரிடம் பெரும்பாலும் பணமும் இருக்காது, பொருளை மாற்றும் உரிமையும் இருக்காது.

அறிவிப்பின் படியை வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டும். உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாகக் கருதத் தக்க காரணம் இருக்கும்போது வேலையைச் செய்ய மறுக்கலாம் என்பதையும், அதற்காகத் தண்டிக்கக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

10. மீண்டும் செல்லுதல்

குறித்த தேதி முடிந்த வாரத்திலேயே மீண்டும் செல்லுங்கள். தாமதமானால் அறிவிப்பு வெறும் தாளென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். முதலில் வேலை கொடுப்பவரின் பதிவேட்டைப் பாருங்கள்: நீங்கள் பார்த்த வீடுகளின் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா, கொடுக்கும் சரக்கின் அளவு குறைந்திருக்கிறதா? ஆய்வுக்கு ஒப்புக்கொண்ட வீட்டுக்கு மட்டும் வேலை நின்றிருந்தால் அது பழிவாங்கல் என்றே கருதி, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

வீட்டில் விசிறி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள், ஓடுகிறதா என்று பாருங்கள். இறகில் தூசி படியாமல் புதிதாக இருந்தால் அது உங்களுக்காக மட்டும் ஓடுகிறது. ஏன் நிறுத்தி வைக்கிறார்கள் என்று கேட்டால் மூன்றில் ஒரு பதில் வரும்: மின்கட்டணம், இரைச்சல், பசை சீக்கிரம் காய்ந்து வீணாகிறது. மூன்றாவது பதிலைத் தட்டிக்கழிக்காதீர்கள். பசை வீணானால் அதன் விலையைக் கூலியில் பிடிக்கிறார்களா என்று கேளுங்கள், பிடிக்கிறார்கள் என்றால் அந்தப் பிடித்தத்தை நீக்கும் வரை விசிறி ஓடாது.

முதல் முறை எடுத்த அதே இடத்திலிருந்து டிஷ்யூ தாளையும் டார்ச்சையும் மறுபடி பயன்படுத்தி, இரண்டு நாளின் குறிப்புகளையும் ஒரே பக்கத்தில் அருகருகே எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்தோடு மருத்துவமனைக்குப் போனார்களா, போகவில்லை என்றால் ஒரு நாள் கூலி போவதுதான் காரணமா என்று கேட்டு, மாலை நேர மருத்துவ முகாமுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். இடம் மாறிய வீடுகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடாமல், போன இடத்தைக் கேட்டு அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான பணியாளருக்குப் பொருளின் பெயரோடு எழுதி அனுப்புங்கள்.